பச்சை விழுந்த சரி

சபரிநாதன் வீட்டில் சண்டை நின்று வெகுகாலம் ஆயிற்று. நல்ல விஷயம்தானே என்று யாருக்கும் தோன்றும். அவர் மனைவி மேகலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது, காதில் புண் வரும்வரை.

கம்மல் திருகாணி அளவில் ஒரு பொருள். பெயர் செவிலி. காதுக்குள் செருகிக்கொண்டால், எதிரே இருப்பவரின் குரலைக் கேட்டு அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று நமக்குக் கிசுகிசுக்கும். ‘இது உங்கள் மேல் வந்த கோபம் இல்லை, பசி. முதலில் சோறு போடுங்கள்’ என்று சொல்லும். ‘இப்போது புத்தி சொல்லாதீர்கள், சும்மா பக்கத்தில் உட்காருங்கள்’ என்று சொல்லும். என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தால், பேச வேண்டியதையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். மேஸ்திரிகள் சித்தாளைத் திட்டுவது குறைந்தது. மாமியார்கள் மருமகள்களுக்கு நன்றி சொன்னார்கள், அதுவும் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி முழு வாக்கியத்தில். கோயமுத்தூர் இப்படித் திருந்திப்போனதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அடுத்தவர் மனசு தெரிந்துவிட்டால் அப்புறம் வாழ்க்கையில் குறை ஏது என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது, காசு கொடுத்து வாங்கியாயிற்றே.

இந்தச் செவிலிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களில் மேகலா முக்கியமானவள். சரவணம்பட்டியில் இருந்த அந்தக் கம்பெனியில் அவளுக்குக் குரல் பிரிக்கும் வேலை. யார் யாரோ பேசிய துண்டுகளை நாளெல்லாம் கேட்டு, இது கோபம், இது ஆற்றாமை, இது கோபம் மாதிரி வேஷம் போட்ட பயம் என்று பெயர் வைக்க வேண்டும். அவள் வைக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் யந்திரம் கற்றுக்கொள்ளும். அவள் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு பேச்சை இன்றைக்கும் அங்கே கதையாகச் சொல்வார்கள். ஜெரால்டு என்று ஒரு நாகர்கோவில்காரன். அப்போது சின்னப் பொறியாளன், இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவன். அவன் ஒருநாள் அவள் மேஜைக்கு வந்து நின்றான்.

“மேடம், சரின்னா ஆமான்னுதானே அர்த்தம்? அதை ஏன் இத்தனை பெட்டியில பிரிச்சுப் போட்டு வெச்சிருக்கீங்க?”

“அட நீங்க வேற. ‘சரி சரி’ன்னா வாயை மூடுன்னு அர்த்தம். ‘சரி விடு’ன்னா நான் விடமாட்டேன்னு அர்த்தம். ‘சரி, பாக்கலாம்’னா அது நடக்காது. உங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும், வீட்டுக்காரம்மா வெடுக்குன்னு ‘சரி’ன்னு சொன்னா, அன்னிக்கு நீங்க ஹோட்டல்ல சாப்புட்டுக்கணும்.”

ஜெரால்டு சிரித்துக்கொண்டே போனான். அன்றிலிருந்து அவளுக்கு ‘சரி மேகலா’ என்றே பேர் ஆகிவிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. சம்மதம் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் பெற்றவர்களுக்கு ஜெயில். நல்ல சட்டம், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் சம்மதத்தை யார் பார்த்துச் சொல்வது? செவிலி சொல்லும் என்று முடிவாயிற்று. பெண் கேட்டு வரும் அன்று பெரியவர்கள் முன்னால் பெண்ணையும் பையனையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் சொல்லும் குரலை மேஜைமேல் வைத்த போன் கேட்கும். மனசார வந்த சம்மதம் என்றால் திரையில் பச்சை விழும், இல்லையென்றால் சிவப்பு. பச்சை இல்லாமல் எந்த மண்டபத்துக்காரனும் முன்பணம் வாங்கமாட்டான். பச்சை விழுந்ததும் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போடுவது புதுச் சம்பிரதாயமாகவே ஆகிப்போனது. சம்பிரதாயம் கண்டுபிடிக்க நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

மேகலா அந்த வேலையில் ராப்பகல் பார்க்காமல் உழைத்தாள். மிரட்டி வாங்கிய சம்மதம், அழுது ஓய்ந்தபிறகு வந்த சம்மதம், வேறொருவனை மறக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சம்மதம் என்று ஒவ்வொன்றையும் சலித்துச் சலித்துப் பிரித்தாள். மனசார வந்த சம்மதத்துக்கு மட்டும் நல்ல மாதிரிக் குரல் கிடைக்காமல் கொஞ்சகாலம் திண்டாடினார்கள். அதையும் அவள்தான் எப்படியோ சரிக்கட்டினாள். இனி ஒரு பெண்ணை உருட்டி மிரட்டித் தலையாட்ட வைக்க முடியாது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். “என்ற மிசின் பொய் சொல்லாதுங்க” என்று சொந்தக்காரர்களின் விசேஷ வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவளுடைய ஒரே மகள் சம்யுக்தாவைப் பெண் கேட்டு வருகிற வாரம் பார்த்து, மேகலாவுக்குக் காதில் சீழ் பிடித்தது. “ஆறுற வரைக்கும் எந்தக் காதுலயும் அந்தக் கருமத்தை மாட்டாதீங்கம்மா” என்று டாக்டர் திட்டி அனுப்பினார். செவிலி இல்லாத காதோடு நாலு பேர் முன்னால் நிற்பது அவளுக்குத் தலையில் முக்காடு விலகின மாதிரி கூச்சமாக இருந்தது. பேசுகிறவர்கள் வெறும் வார்த்தையாகப் பேசினார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று அவளேதான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சம்யுக்தா மாட்டு டாக்டர். சூலூர் பக்கத்தில் அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. கை முழுக்கச் சாணியோடு வந்து நின்றாலும் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். மாப்பிள்ளை நிஷாந்த் பொள்ளாச்சிப் பையன், மெல்போர்னில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். மரியாதையான பேச்சு, கெட்ட பழக்கம் கிடையாது, சம்பளம் பற்றிக் கேட்கவே வேண்டாம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பையன். அதுதான் தொந்தரவே. குறை இருந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தட்டிக்கழிக்கலாம்.

வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். நிஷாந்தின் அம்மா அம்பிகா போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். நிஷாந்தைக் கேட்டார்கள். அவன் சொன்னான், பச்சை விழுந்தது. பிறகு சபரிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, இந்த இடம் உனக்குச் சம்மதமா சாமி?”

சம்யுக்தா மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே, “சரிப்பா” என்றாள்.

பச்சை விழுந்தது. அம்பிகா சர்க்கரைக் கிண்ணத்தைத் தேடினாள். சபரிநாதன் மாப்பிள்ளையின் அப்பாவைக் கட்டிக்கொண்டார். மேகலா மட்டும் மகளையே பார்த்தாள். அந்தச் சரியை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். கொஞ்சமும் நடுங்காத, கொஞ்சமும் இழுக்காத, ஆணியில் சட்டையை மாட்டுவது போல வைத்துவிட்டுப் போகும் ஒரு சரி. எங்கே கேட்டோம் என்று யோசிப்பதற்குள் அம்பிகா அவள் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள்.

எல்லாரும் போனபிறகு மகளைத் தேடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். சம்யுக்தா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, உனக்கு நெசமாலுமே புடிச்சிருக்குதா?”

“என்னம்மா இப்பக் கேக்கற? பச்சை விழுந்துருச்சில்ல.”

“பச்சை கெடக்குது. நான் உன்னையக் கேக்கறேன்.”

சம்யுக்தா துணியை மடிப்பதை நிறுத்தினாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளை நேராகக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். பதில் எங்கே வைத்தோம் என்று தேடுவது போல ஒரு முழி முழித்தாள்.

“நீ சிரிக்கக்கூடாது. அவங்க வர்றதுக்கு முன்னாடி எனக்குப் புடிக்கலையின்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். இங்கிருக்கற வேலைய உட்டுட்டு, அங்க போயி மறுபடியும் பரிட்சை எழுதி, அது வரைக்கும் ஊட்டுல உக்காந்துக்கிட்டு... வேண்டாம்னு சொல்லலாம்னு இருந்தேன். சிவப்பு விழும், அதுவே சொல்லிரும், நம்ம வாயால சொல்ல வேண்டியதில்லைன்னு இருந்தேன். ஆனா பச்சை விழுந்துச்சு. அப்ப எனக்குப் புடிச்சிருக்குதுதான் போலம்மா. நாந்தான் தப்பா நெனச்சுட்டு இருந்திருக்கறேன்.”

மேகலா அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

“வயித்துல கல்லு கெடக்கற மாதிரி இருக்குது. என்னன்னு செவிலிகிட்டக் கேட்டேன். கல்யாணப் பெண்ணின் இயல்பான பதற்றம்னு சொல்லுச்சு” என்றாள் சம்யுக்தா.

“மாட்டு வயித்துல கல்லு மாதிரி இருந்தா நீ என்ன பண்ணுவ?”

“கை வெச்சுப் பாப்பேன். கை வெச்சாத் தெரிஞ்சுரும்.”

“உன்ற வயித்துல?”

சம்யுக்தா சிரித்தாள். “அதுக்குத்தான நீ மிசின் பண்ணி வெச்சிருக்கற” என்றாள். குத்திச் சொல்லவில்லை. அப்பாவியாகத்தான் சொன்னாள். அதுதான் மேகலாவுக்குத் தாங்கவில்லை.

கீழே சபரிநாதன் மண்டபத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை காத்திருந்து, “ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க. அந்தச் சரி எனக்குச் சரியாப் படல” என்றாள்.

சபரிநாதன் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனுஷர்கள் விஷயத்தில்தான் அந்தக் காது வேலை செய்யாது. ஆனால் கெட்டவர் இல்லை. மகள் என்றால் உருகிப்போகிறவர்.

“பச்சை விழுந்ததை நாலு பேரு பாத்தாங்க மேகலா. அவளை நான் மெரட்டுனனா? கெஞ்சுனனா? கேட்டேன், சொன்னா. என்ற மிசின் பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொன்னது நீதான. இப்ப உன்ற காதுல மிசின் இல்லாத நாளாப் பாத்து அது பொய்யிங்கற.”

“மிசின் தப்பாக்கூடச் சொல்லலாமுங்க.”

“அப்படீன்னா உன்ற கம்பெனிக்காரனையே சொல்லச் சொல்லு. தப்புன்னு அவன் சொல்லட்டும், நானே பொள்ளாச்சிக்குக் கூப்புட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னு சொல்லிப்போடறேன். என்ற புள்ளைய அழவெச்சு எனக்கு என்ன ஆகோணும்?”

நியாயமான பேச்சு. மறுநாள் காலையில் மேகலா ஜெரால்டின் அறையில் போய் உட்கார்ந்தாள்.

ஜெரால்டுக்கு முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. தலைவன் ஆனபிறகும் அவளைக் கண்டால் எழுந்து நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சம்யுக்தாவின் குரல் துண்டை எடுத்துத் திரையில் போட்டான். கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அவளையே பார்த்தான்.

“மேடம், மிசின் மேல தப்பு இல்லை. இவ்வளவு அச்சாப் பொருந்தி நான் பார்த்ததே இல்லை. விதைக் குரலோட ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“விதைக் குரல்னா?”

“நம்ம வேலைதானே மேடம், மறந்துட்டீங்களா? மிரட்டலுக்கு, பயத்துக்கு எல்லாம் ஆயிரம் குரல் கிடைச்சுது. மனசார ஒத்துக்கிட்ட பொண்ணோட குரல்தான் கிடைக்கல. நடிக்கிறவங்களைக் கூப்பிட்டுப் பார்த்தோம், நாடகம் மாதிரி இருந்துச்சு. அப்ப ஒரு குரலை வெச்சோம். மத்த சம்மதமெல்லாம் அதுல இருந்துதான் முளைச்சுது. எது அதுமாதிரி இருக்கோ அதுக்குப் பச்சை.” அவன் கொஞ்சம் தயங்கினான். “உங்க பொண்ணோட சரி அதுகூடப் பொருந்தாம வேற எதுகூடப் பொருந்தும்? அது நீங்க சொன்ன சரிதானே.”

மேகலாவுக்குக் குரல் பதிவு செய்யும் அந்தக் கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. கடைசியில், ‘நான் சொல்றேங்க ஜெரால்டு. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டப்ப எப்படிச் சொன்னனோ அப்படியே சொல்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல’ என்று அவளாகத்தான் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடி, அந்த நாளுக்குப் போய், அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். வெளியே வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

“அதைப் போடுங்க” என்றாள்.

அவன் நீட்டிய ஹெட்போனைப் புண் இல்லாத காதில் வைத்துக்கொண்டாள். ‘சரிப்பா’ என்றது அவளுடைய குரல். நடுங்காமல், இழுக்காமல். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதற்கே அந்த நாள் முழுசாக எழுந்து வந்துவிட்டது.

அந்த வாரம்தான் சென்னையில் ஒரு பண்பலை வானொலியில் அறிவிப்பாளர் வேலைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். குரலுக்காகவே எடுத்தார்கள். வீட்டில் யாரும் போகக்கூடாது என்று சொல்லவில்லை. அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று, பையன் தங்கமான குணம், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான், நீ என்ன சொல்கிறாய் கண்ணு என்று சிரித்த முகமாகக் கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. அதைப் பார்த்துக்கொண்டே அவள் அரிசியை முறத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் கல் மாதிரி ஏதோ இறங்கியது. ‘சரிப்பா’ என்றாள். கல்லைப் பற்றி அம்மாவிடம் கேட்டபோது, கல்யாணம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. அவளும் அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். அடுத்தவர் குரலில் இருந்த அத்தனை பயத்தையும் ஆற்றாமையையும் சலித்து எடுத்தவள், தன் கல்லுக்கு வைத்த பெயரை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரோடுதான் அதைத் தூக்கி யந்திரத்தின் வாயில் போட்டிருக்கிறாள்.

“இதை எடுத்துர முடியுமா?” என்று கேட்டாள்.

“முடியும். ஆனா விதை குடுத்தவங்க வாய் திறந்து, அன்னைக்கு எனக்குச் சம்மதம் இல்லைன்னு சொல்லணும். நானே தலைகீழா நின்னாலும் வேற யார் சொன்னாலும் செல்லாது. நீங்க சொன்ன நிமிஷம் எடுத்துருவேன். உங்க பொண்ணோட பச்சை போயிடும்.” ஜெரால்டு மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அது மட்டும் போகாது மேடம். அந்த விதையில விழுந்த பச்சை எல்லாம் போயிடும். கல்யாணம் ஆனவங்க, ஆகப்போறவங்க, எல்லாருக்கும் தகவல் போயாகணும். அது சட்டம். எத்தனை வீட்டுல இன்னைக்குச் சோறு இறங்காதுன்னு யோசிச்சுக்குங்க.”

“எல்லா வீட்டுக்குமா?”

“எங்க வீட்டுக்கும்தான். என் வீட்டுக்காரி ஷீபா சொன்ன சரி எனக்கு இன்னும் காதுல இருக்கு. பச்சை விழுந்துச்சேன்னு மாமனாரைத் தூக்கிச் சுத்தினேன்.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “வீட்டுல பேசிட்டுக் கூப்பிடுங்க மேடம். கூப்பிட்டா நான் எடுப்பேன். எடுக்காம ஒளியமாட்டேன்.”

வீட்டில் பேசிவிட்டு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். மகளுக்காகப் பேச வேண்டும் என்றால் மேகலா யாரோடும் மல்லுக்கு நிற்பாள். ஆனால் இங்கே நிற்க வேண்டியது புருஷன் முன்னால். அதுவும், உங்களைக் கட்டிக்க எனக்கு மனசே இல்லை என்று இருபத்தெட்டு வருஷம் கழித்துச் சொல்ல வேண்டும். மனுஷர் ஒருநாள் கை நீட்டியது இல்லை. அவளுடைய அம்மா செத்த அன்று, பிணத்தை எடுத்தபிறகு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்ன ஆறுதல் வார்த்தைகள் இன்னும் அவளுக்கு மறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், அன்றைக்கும் அவர் காதில் செவிலி இருந்தது என்பது உறைத்தது.

சபரிநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சம்யுக்தா விடுப்பில் இருந்ததால் உள் அறையில் படுத்திருந்தாள். மேகலா கதவைச் சாத்திவிட்டு வந்து சோறு போட்டாள். அவர் பிசையத் தொடங்கியபிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

“கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?”

“மிசின் தப்பு இல்லையாமா. மிசின் என்ற குரல்லதான் படிச்சிருக்குது.” மேகலா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கு எங்கப்பா உங்களுக்காகக் கேட்டப்ப நான் சொன்ன சரி இருக்குதல்ல, அதுதான் அதுக்குச் சம்மதம்னு நான் குடுத்தது. அது சம்மதம் இல்லீங்க. எனக்கு மெட்ராஸ் போகோணும்னு இருந்துச்சு. எங்கப்பா மூஞ்சியப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ல வாய் வரல. உங்க மேல குத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தச் சரி, சரி இல்லீங்க.”

சபரிநாதனின் கை சோற்றில் அப்படியே நின்றது. முகத்தில் ஒன்று எழுந்து வந்தது. கோபமா, அவமானமா, அழுகையா என்று மேகலா பார்ப்பதற்குள் அவர் தலை லேசாகச் சாய்ந்தது. காதுக்குள் ஏதோ கேட்பவர் சாய்க்கும் சாய்ப்பு. எழுந்து வந்தது அடங்கிப்போய்விட்டது.

“இதை என்னிடம் சொன்னதற்கு நன்றி மேகலா” என்றார் சபரிநாதன். “இத்தனை காலம் இதைச் சுமந்தது உனக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.”

அந்த வாக்கியம் மேகலாவுக்குத் தெரியும். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த மனைவி மனம் திறந்து பேசும்போது கணவன் சொல்வதற்கென்று, எழுதி வைத்திருந்த பலவற்றில் அவளே பொறுக்கி எடுத்தது. ‘சுமந்தது’ என்ற வார்த்தையைப் போடச் சொன்னதே அவள்தான்.

“அதைக் கழட்டிட்டுப் பேசுங்க.”

“என்ன?”

“காதுல இருக்கறதைக் கழட்டிப்போட்டுப் பேசுங்க. வையறதா இருந்தாலும் வைய்யுங்க. நீங்க வைய்யுங்க.”

அவர் இடது கையால் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சோற்றுக் கை காய்ந்துகொண்டு வந்தது. பேச்சு எந்தப் பக்கம் இருந்து வரும் என்றே தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

“அப்ப இத்தனை வருசமும்?” என்று கடைசியில் கேட்டார்.

“இத்தனை வருசமும் கெட்டதுன்னு சொல்லலீங்க. ஆரம்பிச்சது நான் இல்லைன்னு சொல்றேன்.”

“இதைச் சொல்றதுக்கு உனக்கு வேற நேரமே கெடைக்கல. சோத்துல கைய வெச்சப்பறம்தான் சொல்லோணும்.” அவர் தட்டைத் தள்ளினார். “நான் உன்னையப் பாக்க வந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எந்திரிச்சுப் போயிருப்பேன். என்னையக் கேணயன் ஆக்கிட்ட மேகலா.”

வலித்தது. ஆனால் அது அவருடைய வார்த்தை என்பதால் மேகலாவுக்கு ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. இப்படி ஒரு நிம்மதிக்கு வந்து சேர்ந்தோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“இப்ப நான் அவனுக்குப் போன் பண்ணிச் சொன்னா சம்யுவோட பச்சை போயிரும். நம்மளதும் ஊருக்குத் தெரிஞ்சுரும்” என்றாள்.

சபரிநாதன் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் மறுபடியும் துடைத்தார். திரும்பிப் பார்க்காமல், “பண்ணு. புள்ளைக்காவது ஆகட்டும்” என்றார்.

மேகலா ஜெரால்டைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். “அன்னிக்கு எனக்குச் சம்மதம் இல்லைங்க ஜெரால்டு” என்று சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. “சரி மேடம்” என்றான் அவன்.

அவ்வளவுதான். அவள் போனை மேஜையில் வைத்தபோது உள் அறையில் சம்யுக்தாவின் போன் சிணுங்கியது. எதிர்வீட்டிலும் ஒன்று சிணுங்கியது. அந்த வீட்டில் போன ஆவணியில்தான் கல்யாணம் நடந்தது. சபரிநாதன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார். செவிலி தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு சம்யுக்தா வந்தாள். கையில் போன் இருந்தது. தூங்கி எழுந்த முகம். அம்மாவையும் அப்பாவின் முதுகையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அம்மா, பச்சை போயிருச்சு. சம்மதம் செல்லாதுன்னு வந்திருக்குது” என்றாள். “அப்ப எனக்குப் புடிக்கலையாம்மா?”

மேகலா அவள் அருகில் போய் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மகளின் காதில் இருந்த செவிலியைத் தானே கழற்றினாள்.

“அதைய உடு சாமி. அது என்னமோ சொல்லிட்டுப் போகுது. நானும் சொல்ல மாட்டேன், அப்பாவும் சொல்ல மாட்டாரு. உன்ற மனசுல என்ன இருக்குதோ, புடிச்சிருக்குதோ புடிக்கலையோ, அதைய நீயே சொல்லோணும். இனிமே நீதான் சொல்லோணும். என்ன?”

சம்யுக்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த ஆசையைப் பார்த்தாள்.

“சரிம்மா” என்றாள்.

நடுங்காமல், இழுக்காமல் சொன்னாள். அது எந்தச் சரி என்று மேகலாவுக்குக் கேட்டவுடனே தெரிந்தது.